மாற்றிச் சொல்லாதவர்

கோர்ட்டு வாசல் டீக்கடையில் அவருக்கு மட்டும் சீனி போடாத டீ வரும். சர்க்கரை வியாதி என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் வேலையில் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கடைக்காரரிடம் கேட்டேன்.

"வியாதியுமில்ல ஒண்ணுமில்லங்க. ஒருநாள் சீனி டப்பாவுல எறும்பு கெடந்துச்சு. 'சீனி வேணாம்ப்பா'ன்னாரு. மறுநாளு டப்பாவக் கழுவிக் காயவச்சு, புதுச் சீனி போட்டுக் குடுத்தேன். 'வேணாம்னு சொல்லிட்டேன்லப்பா'ன்னுட்டாரு. இன்னைக்குப் பதினோரு வருசம்."

அவருக்கு இனிப்புப் பிடிக்காது என்றில்லை. கேஸில் ஜெயித்த கட்சிக்காரர் யாராவது மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவந்தால் எல்லோரும் ஒன்று எடுப்போம். அவர் இரண்டு எடுப்பார். டீயில் மட்டும் சீனி கிடையாது. சொல்லியாகிவிட்டது.

அவர் எங்கள் கோர்ட்டின் டவாலி. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை, வெள்ளைத் தலைப்பாகை. முன்சீப் உள்ளே வரும்போது "சைலன்ஸ்" என்று ஒருமுறை. பிறகு சாட்சிக் கூண்டுக்கு ஒரு கஜ தூரத்தில் நிற்க வேண்டும். காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்து வரை, மதிய இடைவேளை போக, நிற்பதுதான் வேலை. கட்சிக்காரர், சாட்சி ஆகியோரின் பெயரை வராந்தாவைப் பார்த்து மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வரவில்லையென்றால் கேஸ் போயிற்று. பக்கத்துத் தெருவரை கேட்கும் குரல் அவருக்கு. ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் மூன்று மூன்று முறை கூப்பிட்ட அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் டவாலி. என் நாட்குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

நான் அங்கே பெஞ்ச் கிளார்க். சாட்சிகள் சொல்வதைச் சொன்னபடி காகிதத்தில் ஏற்றுவதும், கேஸ் கட்டுகளை வரிசைப்படி வைப்பதும் என் வேலை. வீட்டுக்குப் போனதும் அன்றைய நடப்பை நேரம் போட்டு நாட்குறிப்பில் எழுதுவது என் பழக்கம். பதினெட்டு வயதிலிருந்து ஒருநாள் விட்டதில்லை. இப்போது வயது நாற்பத்தெட்டு. இங்கே எழுதுவதெல்லாம் அந்தப் பக்கங்களைப் பார்த்து எழுதுவதுதான்.

அவருக்குச் சொந்த ஊர் அகரம். வீட்டுக்காரம்மா கொஞ்சம் நிலத்தில் கனகாம்பரம் போட்டு, பறித்துக்கொண்டு டவுனுக்கு வருவார். ஒருமுறை அந்த அம்மாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது நான் டீ விஷயத்தைச் சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"டீயோட போச்சா? எங்க அண்ணன் வீட்டு விசேசத்துல, 'எனக்குப் பசிக்கல, அப்புறமாப் பாக்கலாம்'னு வாய்தவறிச் சொல்லிட்டாக. மூணு நாளு அந்த வீட்டுல பச்சத்தண்ணிதான். இவுக வாயில வந்துட்டா அம்புட்டுத்தான், கெசட்டுல போட்ட மாதிரி."

டவாலி தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே சொன்னார். "மாத்தி மாத்திப் பேசுறவன் என்ன ஆவான்னு நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்."

அவர் பார்த்ததைப் பிறகு என்னிடம் சொன்னார், பல முறை. தாடிக்கொம்புப் பக்கத்து விவசாயி ஒருவர். கிணற்றுத் தகராறு. முதல் வாய்தாவில் கிணற்றுக்குப் பன்னிரண்டு படி என்று சொன்னார். எட்டு மாதம் கழித்துக் கூண்டேறியபோது பதினான்கு என்றார். எதிர்க்கட்சி வக்கீல் பழைய வாக்குமூலத்தை எடுத்து வாசித்துவிட்டு, "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டார். கேஸ் தோற்றது.

"நெசத்துக்குமே பதினாலு படிதாங்கய்யா. நான் போயி எண்ணிப் பாத்தேன். மொதத் தடவ பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டாப்ல. ஆனா மாத்துனாம் பாருங்க, அதுல போச்சு கெணறு. பன்னெண்டுன்னே நின்னிருந்தாப் பொழச்சிருப்பான்."

இருபத்து நான்கு வருடம் கூண்டுக்கு ஒரு கஜ தூரத்தில் நின்று அவர் கற்றுக்கொண்ட சட்டம் இது ஒன்றுதான். முதலில் சொன்னது சரியா தப்பா என்பது இரண்டாம் பட்சம். மாற்றுவதுதான் குற்றம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம், அவர் முதன்முதலாக விழுந்தார். மதியம் வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர், மணி அடித்ததும் எழுந்தார். எழுந்தவர் சுவரைத் தேடுவதுபோல் கையை நீட்டினார். பிறகு தரையில் கிடந்தார். தண்ணீர் தெளித்ததும் கண் விழித்து, "ஒண்ணுமில்லங்கய்யா, செத்த நேரம் கண்ணு இருட்டிருச்சு" என்றார். அந்த மாதத்தில் மூன்று முறை. படுத்தோ உட்கார்ந்தோ எழுந்தால்தான் வரும். நின்றது நின்றபடியே இருந்தால் பெரும்பாலும் வராது.

பழைய முன்சீப்பாக இருந்தால் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருப்பார். அப்போது புதிதாக ஒருவர் வந்திருந்தார். அவர் கோர்ட்டில் மின்விசிறி ஆடினால்கூட ஏன் ஆடுகிறது என்று எழுத்தில் கேட்பார். மூன்றாவது முறை விழுந்த அன்று டவாலியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் கட்டோடு நின்றிருந்தேன்.

"நிக்க முடியாத ஆளுக்கு நிக்கிற வேலை எதுக்கு? மூணு மாசம் தர்றேன். நின்னு வேலை செய்யத் தகுதின்னு டாக்டர் சர்டிபிகேட்டோட வா. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. மழை பார்த்துப் பிழைக்கும் குடும்பத்தில் மழை பார்க்காத வேலை அது ஒன்றுதான்.

மதுரை ரோட்டில் ஒரு டாக்டர் வீட்டுப் பின்னறையில், மதுரையிலிருந்து வேறொரு டாக்டர் வியாழக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தார். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வருகிறவர்களை வைத்து ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, நான்தான் டவாலியைக் கூட்டிக்கொண்டு போனேன். இளவயது டாக்டர். பொறுமையாக எல்லாம் சொன்னார்.

"ரெண்டு வித மாத்திரை இருக்கு. ஒண்ணுல மருந்து. இன்னொண்ணு வெறும் மாவு. பாக்க ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது. பட்டியல் மதுரையில உறை போட்டு ஒட்டி இருக்கு."

"குடுக்குற உங்களுக்கே தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா என் மூஞ்சியப் பாத்தே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. நாலு வாரம் சாப்பிடுங்க. குணம் தெரியலேன்னா இன்னொரு வித மாத்திரைக்கு மாத்திடுவேன். அதனால உள்ளது உள்ளபடி சொல்லணும். அதுதான் முக்கியம்."

வெளியே வந்ததும் டவாலி சந்தோஷமாகச் சொன்னார். "சாட்சியக் கலைக்கக் கூடாதுன்னு ஏற்பாடு பண்ணியிருக்காக. நம்ம கோர்ட்டு மாதிரியே இருக்குங்கய்யா."

அவர் அப்படி நினைத்ததில்தான் எல்லாம் கெட்டது. அன்று எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஏழாம் எண் என்று அட்டையில் எழுதிய ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். தினமும் மயக்கம் வந்ததா, எத்தனை முறை, விழுந்தாரா என்று மூன்று கட்டங்கள். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத வராது. "நான் எழுதித் தர்றேன்" என்றேன். டாக்டர் சரி என்றார்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டர் வந்த பஸ் வாடிப்பட்டியில் நின்றுவிட்டது. ஒன்பது மணிக்கு, சட்டையெல்லாம் வியர்வையோடு, காலைச் சாப்பாடும் இல்லாமல் வந்து சேர்ந்தார். டவாலியைப் பத்து நிமிடம் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினார். நூற்று முப்பது. எழுந்து நிற்கச் சொன்னார். டவாலி நின்றார், முன்சீப் வரும்போது நிற்கிற மாதிரி. குதிகால் சேர்ந்து, கால்விரல்கள் தரையைக் கவ்வி, கெண்டைக்கால் சதை கல்லாக இறுகியிருந்தது. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குத் தெரிந்த வித்தை அது; ரத்தம் காலில் தங்காது. "சும்மா சாதாரணமா நில்லுங்க" என்றார் டாக்டர். "சரிங்க" என்று இன்னும் விறைப்பாக நின்றார். பெரியவர்கள் முன்னால் தொளதொளவென்று நிற்பது அவருக்குத் தெரியாத காரியம். நூற்றுப் பத்து; அதிகம் இறங்கவில்லை.

"பரவாயில்லயே. எப்படி இருக்கு உங்களுக்கு?"

"தேவலைங்கய்யா."

டாக்டரின் முகம் அவ்வளவு மலர்ந்தது. அதை எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நிறம் வெளுத்திருந்தது.

"ஏன் தேவலைன்னு சொன்னீங்க?" என்றேன்.

"பாவம், அம்புட்டுத் தூரத்துலருந்து வெறும் வயித்தோட வந்து நிக்காக. மொகத்துல அடிச்ச மாதிரி ஒண்ணுமில்லன்னு எப்படிச் சொல்ல?"

"சரி, வர்ற வாரமாவது உள்ளதச் சொல்லுங்க."

"எழுதிட்டாகல்ல? நீங்களும் கோர்ட்டுலதான இருக்கீக. எழுதுனப்புறம் மாத்துறதா?"

"இது கேஸ் இல்லை. மருந்து."

"ரெண்டு படி கூடச் சொல்லிக் கெணத்த விட்டவனப் பாத்திருக்கேன்ய்யா நான்."

அதன் பிறகு தினமும் சாயங்காலம், ரெக்கார்டு அறை ஜன்னலோரம், நான் நோட்டைத் திறப்பேன்.

"மயக்கம்?"

"இல்லைன்னு போடுங்க."

"காலையில கட்டுத் தூக்கிட்டு நிமிர்ந்தப்ப?"

"இல்லைன்னு போடுங்கய்யா."

நான் "இல்லை" என்று எழுதினேன். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதானே என் தொழில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவு வீட்டில் என் நாட்குறிப்பில், கண்ணால் பார்த்ததை எழுதினேன். "3.20. ரெக்கார்டு அறை வாசலில் சாய்ந்தார். இரண்டு நிமிடம் நினைவில்லை." "10.05. படியில் உட்கார்ந்து எழும்போது விழுந்தார். இடது முழங்கையில் காயம்." மூன்று மாதத்தில் இப்படிப் பதினொரு பதிவுகள். ஒரே கை, ஒரே மை. நோட்டில் இல்லை, நாட்குறிப்பில் உண்டு.

ஒருமுறை சொல்லிவிடத்தான் போனேன். நான்காவது வியாழன். அன்று சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றியிருப்பார்கள். டவாலி "தேவலைங்கய்யா" என்றதும், "டாக்டர், ஒரு விஷயம்" என்று நான் முன்னால் வந்தேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எழுதிக் குடுக்கிறவர்தானே? நோயாளி சொல்றத மட்டும் எழுதுங்க. உங்க அபிப்பிராயம் கலந்தா சோதனையே கெட்டுப்போகும்."

அறையில் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கை சுத்தமாக எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிய என்னிடம் இப்படி ஒருவர் பேசியதில்லை. சரி, நமக்கென்ன என்று பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றைய நாட்குறிப்பில், "டாக்டர் பேச்சில் மரியாதை குறைவு" என்று எழுதியிருக்கிறேன். டவாலியைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. "மயக்கம் இல்லை, விழுவதில்லை, நின்று செய்யும் வேலைக்குத் தகுதியுண்டு" என்று சர்டிபிகேட் கிடைத்தது. முன்சீப் அதில் கையெழுத்திட்டு ஃபைலில் வைத்தார். டவாலி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவருடையதில் சீனி இல்லை.

சர்டிபிகேட் கிடைத்த மூன்றாவது வாரம், ஒரு பாகப்பிரிவினைக் கேஸ். என் மேஜையிலிருந்து நழுவிய காகிதக் கட்டை எடுக்க அவர் குனிந்தார். எடுத்து நிமிர்ந்து, சாட்சியின் பெயரைக் கூப்பிட்டார். முதல் கூப்பாடு எப்போதும்போல் தெருவரை போனது. இரண்டாவது அறைக்குள்ளேயே நின்றது. மூன்றாவது வரவில்லை. கூண்டின் கம்பியில் தலை மோதி விழுந்தார்.

முன்சீப்பே மேடையிலிருந்து இறங்கி வந்தார். குனிந்தவர் சட்டென்று மூக்கைச் சுளித்தார். மயக்கத்துக்கு நல்லது என்று வீட்டுக்காரம்மா நாட்டு வைத்தியரிடம் வாங்கி, காலையும் மதியமும் ஒரு அவுன்ஸ் அரிஷ்டம் கொடுத்துவந்தார். அதன் புளித்த வாடை எனக்குப் பழக்கம். மதுவிலக்கு இருந்த காலம். முன்சீப்புக்கு அந்த வாடை வேறாகப் பட்டது.

"மயக்கம் இல்லேன்னு சர்டிபிகேட் இருக்கு. அப்ப இது என்ன?"

மறு வாரம் விசாரணை. டவாலி அரிஷ்டம் என்று சொன்னார். மயக்கம் வந்துதான் விழுந்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. மயக்கம் இல்லை என்று அவர் பெயரில் எண்பத்து நான்கு நாள் எழுதியிருக்கிறதே. அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜையில் டாக்டரிடமிருந்து வரவழைத்த ஏழாம் எண் நோட்டு இருந்தது.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இதுல எழுதியிருக்கிறது சரியா?"

நாட்குறிப்பு என் பையில் இருந்தது. கொண்டுதான் போயிருந்தேன். பதினொரு பக்கங்களிலும் அடையாளக் காகிதம் செருகியிருந்தேன். எடுத்துக் கொடுத்தால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பொய்ப் பதிவு எழுதிய பெஞ்ச் கிளார்க்கை எந்தக் கோர்ட்டில் வைத்துக்கொள்வார்கள்?

"சரிதாங்க," என்றேன்.

குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக அவரை நீக்கினார்கள். பட்டையையும் வில்லையையும் மடித்து என் மேஜையில்தான் வைத்துவிட்டுப் போனார். இரண்டையும் பெற்றுக்கொண்டதாக நான் எழுதிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். உறை பிரித்திருந்தார்கள். ஏழாம் எண்ணுக்குப் பன்னிரண்டு வாரமும் போனது மாவு மாத்திரை. டாக்டர் அதை ஓர் அதிசயம்போலச் சொன்னார்.

"வெறும் மாவுலயே இவ்வளவு குணம் தெரிஞ்ச ஆளு இவர் ஒருத்தர்தான்."

அப்போது சொன்னேன், குணம் தெரியவில்லை, பதினொரு முறை விழுந்தார் என்று. நாட்குறிப்பையும் காட்டினேன். அவர் நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதான். இதுல எது பொய்?"

அவர் நோட்டை மூடினார். "மருந்துல இருந்த ஆளுங்க நெறையப் பேருக்குக் குணமாச்சு சார். நாலாவது வாரமே சொல்லியிருந்தா இவருக்கும் குடுத்திருப்பேனே. இப்ப எல்லாம் எழுதி அனுப்பியாச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அகரம் போனேன். வாசலில் கனகாம்பரக் குவியலுக்கு முன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. இன்னும் எழுத மிச்சமிருக்கா?" என்றார்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் இருந்த டவாலி என் குரல் கேட்டு எழ முயன்றார். அந்த அம்மாள் போய் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "உக்காருங்க. இவுகளுக்கெல்லாம் எந்திரிச்சு விழுந்தது போதும்."

மாவு விஷயத்தைச் சொன்னேன். "நான் தேவலைன்னு சொன்னது மாத்திரைக்கு இல்லங்கய்யா. அந்த டாக்டரய்யாவுக்கு," என்றார் டவாலி. அவர் குரல் அந்த அறைக்கே போதவில்லை.

கிளம்பும்போது கேட்டார். "விசாரணையன்னைக்கு என்னைய வெளிய அனுப்பிட்டு உங்களையும் கூப்பிட்டாகளே. எதும் கேட்டாகளா?"

"என்னை ஒண்ணும் கேக்கலை," என்றேன்.

தலையை ஆட்டினார். "அதான நெனச்சேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீக."

அவர் இறப்பதற்குள் இன்னும் நான்கு முறை அகரம் போனேன். நான்கு முறையும் கிளம்பும் நேரத்தில் அதையே கேட்டார், மறந்துபோய்க் கேட்டாரா, வேறு எதற்காவதா என்று தெரியாது. நான்கு முறையும் ஒன்றும் கேட்கவில்லை என்றே சொன்னேன். நான்கு தேதிகளும் நாட்குறிப்பில் இருக்கின்றன. முன்னுக்குப் பின் முரண் இல்லை.